எடை தூக்கி நடக்கும் பயிற்சிக்கு எந்தக் கருவி? – வாசகர் கேள்வி பதில்

இரு கைகளிலும் கனமான பொருளைத் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகு நிமிர்ந்த நிலையில், அளந்து வைத்த தூரத்தை நடந்து முடிக்கும் ‘ஃபார்மர்ஸ் வாக்’ பயிற்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். விரல்பிடி, தோள், வயிற்றுச் சுவர், இடுப்பு, கால் என்று உடம்பின் பெரும்பகுதியை ஒரே நேரத்தில் வேலை வாங்கும் பயிற்சி அது என்பதாலும், கற்றுக்கொள்வதற்குக் கடினமான நுட்பம் அதில் இல்லை என்பதாலும் பலர் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கருவியைப் பற்றியே கேட்கின்றன. உப்புக்காற்று வீசும் ஊருக்கான பதில் மற்ற ஊர்களுக்குச் சொல்வதிலிருந்து சற்று மாறும் என்பதால், இந்த இதழை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் தொழில் இல்லை. வலை இழுத்துப் பழகிய உடம்பு அந்த இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. மறுபடியும் கடலுக்குப் போகும்போது முதல் வாரம் பெரும் சிரமமாக இருக்கிறது. இந்த முறை ஃபார்மர்ஸ் வாக் தொடங்கலாம் என்றிருக்கிறேன். டம்பெல், கெட்டில்பெல், டிராப் பார் மூன்றில் எதை வாங்குவது? கையில் அதிகப் பணம் இல்லை. (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: தம்பி, இப்போதைக்கு மூன்றையுமே வாங்க வேண்டாம். படகுக்கு டீசல் ஏற்றிவரும் 35 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டு உங்களுக்குக் கிடைக்குமானால், உங்களுடைய முதல் கருவி அதுதான். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ எடை கொண்டது என்பதால், ஒரு கேனை முழுவதும் நிரப்பினால் தண்ணீரின் எடை மட்டுமே ஏறத்தாழ 36 கிலோ ஆகிவிடும். குடிநீருக்குக் குடங்களோடு காத்து நிற்கிற ஊரில் நல்ல தண்ணீரை இதற்காகச் செலவிட வேண்டியதில்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, 15, 20, 25 லிட்டர் மட்டங்களில் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டீர்கள் என்றால், கடையில் விற்கும் எந்தக் கருவியிலும் கிடைக்காத வசதி உங்களுக்குக் கிடைத்துவிடும். வாரத்துக்கு ஒரு கிலோவாக எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கேனைத் தயார்செய்வதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. டீசல் வாடை போகும்வரை சோப்புத்தூள் போட்டுக் கழுவ வேண்டும். கைப்பிடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலும் வியர்வையோடு சேர்ந்து வழுக்கிவிடும். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் அச்சில் வார்த்தபோது உண்டான ஒரு கூர்மையான கோடு நீளவாக்கில் ஓடுவதைத் தடவிப் பார்த்தால் தெரியும். 20 கிலோவுக்கு மேல் போனதும் விரலை அறுப்பது அந்தக் கோடுதான் என்பதால், அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மழுக்கி, மேலே பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிவிடுங்கள். மூன்றாவது, மூடியின் வாஷர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேன் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் முன்னும் பின்னும் அலம்பி உடம்பைத் தள்ளும். படகுத் தளத்தில் நின்று பழகிய உங்களுக்கு அது புதிதாக இராது என்றாலும், முதல் இரண்டு வாரங்களுக்கு 20 லிட்டர் கேனை வாய்வரை நிரப்பி நடப்பது நல்லது.

காசு கொடுத்து வாங்கும் நாள் வரும்போது, எடையை முதலில் பார்க்காதீர்கள், கைப்பிடியைப் பாருங்கள். இந்தப் பயிற்சியில் காலோ முதுகோ ஓய்வதற்கு முன்பே விரல்கள்தான் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கைப்பிடியின் குறுக்களவு 28 முதல் 35 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு விரல் முழுவதும் சுற்றி மூடும். அதற்கடுத்து, தரையிலிருந்து கைப்பிடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நடப்பதைவிட எடுப்பதிலும் இறக்குவதிலும்தான் இடுப்புப் பிடிப்பு உண்டாகிறது. பிறகு, நடக்கும்போது தொடையில் உரசுகிறதா, பிடி நழுவினால் பாதத்தின் மேல் விழாமல் பக்கவாட்டில் இறங்குமா என்பவற்றைப் பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால், கடைக்குள்ளேயே பத்தடி நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தக் கணக்கில் டம்பெல் ஒரு கைக்கு 20 அல்லது 25 கிலோ வரைதான் தோதாக இருக்கும். அதற்கு மேல் அதன் தலைப்பகுதி பெருத்துத் தொடையில் இடிக்கும். கைப்பிடியும் தரையிலிருந்து ஒரு சாண்கூட எழும்பாது என்பதால், பெஞ்சின் மேல் வைத்து எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அடிவரை குனிய வேண்டியிருக்கும். கெட்டில்பெல் என்பது மேலே வளைந்த கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு; அதில் எடை முழுவதும் கைக்குக் கீழே தொங்குவதால் ஆட்டம் குறைவு, கைப்பிடியும் சற்று உயரத்தில் இருக்கும். ஆனால் மரபாக 16, 24, 32 கிலோ என்றே அவை வருவதால், ஒரு படி ஏறும்போது இரு கைக்கும் சேர்த்து 16 கிலோ கூடிவிடுகிறது. இடைப்பட்ட எடைகளும் இப்போது கிடைக்கின்றன என்றாலும் ஜோடி ஜோடியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. டிராப் பார் என்பது அறுகோணச் சட்டத்துக்கு நடுவே நின்று இருபக்கமும் பிடித்துத் தூக்குவது; கனமான எடையை அடக்கி நடக்க அதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் இரு கைகளும் ஒரே சட்டத்தைப் பிடிப்பதால் கருவி தனித்தனியே திரும்பாது, ஆடாது. அந்த அளவுக்கு விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை குறைந்துவிடுகிறது. கயிறும் வலையும் இழுக்கும் உங்களுக்கு ஒவ்வொரு கையும் தனியாக உழைக்கும் கருவிதான் பொருத்தம் என்பது என் முடிவு. அதை எப்படிச் செய்துகொள்வது என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

20 மீட்டர் தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நான்கு நடை, நடைக்கு நடை இரண்டு நிமிடம் ஓய்வு, வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்குங்கள். தோள் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் அந்த நடையை அங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். தடைக்காலம் முடிந்து தொழிலுக்குப் போனபின் இதை வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வலை இழுத்த கைகளுக்கு அன்று மாலையே மீண்டும் கேனைக் கொடுப்பது பயிற்சி ஆகாது.

கேள்வி: என் காக்கா (அண்ணன்) வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஃபார்மர்ஸ் வாக்குக்கென்று தனியாக விற்கும் நீளக் கைப்பிடிக் கருவியின் படத்தைக் காட்டினேன். “இதை நானே செய்து தருகிறேன், அளவைச் சொல்” என்கிறார். என்ன பைப், என்ன அளவு? (கீழக்கரை வாசகர்)

பதில்: உங்கள் காக்காவிடம் முதலில் நீங்கள் கொண்டுபோக வேண்டியது எடை வட்டு ஒன்று. வட்டின் நடுத்துளை ஒலிம்பிக் வகையானால் 50 மி.மீ. இருக்கும், உள்ளூர்க் கடைகளில் விற்கும் சாதாரண வட்டுகளில் அது ஏறத்தாழ ஓர் அங்குலத்தை ஒட்டியும் சற்றுக் கூடியும் இருக்கும். கருவியின் அளவுகள் அனைத்தும் அந்தத் துளையிலிருந்துதான் தொடங்குகின்றன.

துளை 50 மி.மீ. என்றால், வட்டுகளைக் கோக்கும் அடிச்சட்டத்துக்குக் கடையில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்று கேளுங்கள். பைப்பின் பெயரில் உள்ள அளவு வேறு, வெளிக் குறுக்களவு வேறு. ஒன்றரை அங்குல பைப்பின் வெளி அளவு ஏறத்தாழ 48.3 மி.மீ. என்பதால், வட்டு அதில் தளர்வில்லாமல் ஏறும். அதே போல ஒரு அங்குல பைப்பின் வெளி அளவு ஏறத்தாழ 33.7 மி.மீ.; கைப்பிடிக்கு வேண்டிய அளவு அப்படியே அதுதான். ஒன்றேகால் அங்குல பைப்பைக் கைப்பிடிக்கு வைத்துவிடாதீர்கள், 42 மி.மீ.க்கு மேல் வந்துவிடும், விரல் மூடாது, தொடக்கத்திலேயே மனம் விட்டுப்போகும். பைப் வாங்கும்போது அதில் அடித்திருக்கும் வண்ணப் பட்டையையும் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1239-ன்படி மஞ்சள் பட்டை மெல்லிய வகை, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. உங்களுக்கு நீலப் பட்டை போதும். சிவப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண வட்டு என்றால் பைப்புக்குப் பதிலாகத் துளைக்கு ஏற்ற கெட்டியான இரும்புக் கம்பியை அடிச்சட்டமாக வையுங்கள். 25 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 3.85 கிலோ வரும். கட்டடக் கம்பியின் எடையைக் கணக்கிட மேஸ்திரிகள் கையாளும் முறையில், மி.மீ. அளவை அதே அளவால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் மீட்டர் எடை கிடைத்துவிடும்.

அடிச்சட்டத்தின் நீளம் 1.5 மீட்டர் இருக்கட்டும். நடுமையத்திலிருந்து இருபக்கமும் 40 செ.மீ. தூரத்தில் வட்டு உள்ளே நகராதபடி ஒரு தடுப்பு வளையம் பற்றவைக்கச் சொல்லுங்கள். இரு தடுப்புகளுக்கும் இடையே 80 செ.மீ. இருந்தால்தான் அடி எடுத்து வைக்கும்போது முன்வட்டு முழங்காலிலும் பின்வட்டு குதிகாலிலும் இடிக்காது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில கருவிகளில் இந்த இடைவெளியைக் குறைத்து விடுகிறார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு ஒழுங்காக நடக்கவே முடியாது. கைப்பிடியை அடிச்சட்டத்திலேயே வைக்காமல், இரண்டு குத்துக்கால்கள் நிறுத்தி அதற்கு மேலே ஏறத்தாழ 20 செ.மீ. உயரத்தில் வையுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எடைமையம் கைக்குக் கீழே தொங்கினால்தான் கருவி புரளாது. மேலும், 45 செ.மீ. குறுக்களவுள்ள பெரிய வட்டைப் போட்டால் கைப்பிடி தரையிலிருந்து 42 செ.மீ. உயரத்தில் நிற்கும், முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் எடுப்பதற்கு அது ஏற்ற உயரம். சிறிய வட்டுகளே உங்களிடம் இருந்தால் குத்துக்காலை இன்னும் நாலைந்து செ.மீ. உயர்த்திக்கொள்ளலாம். கைப்பிடியின் நீளம் 15 செ.மீ. இருந்தால் உள்ளங்கை தாராளமாக அடங்கும்.

கைப்பிடியின் நடு, அடிச்சட்டத்தின் நடுவுக்கு நேர் மேலே வர வேண்டும். சற்று விலகிப் பற்றவைத்துவிட்டாலும் ஒரு முனை தலைகுனியும். அதை நேராக்க மணிக்கட்டு போராடியே ஓய்ந்துவிடும். ஆகையால் முதலில் புள்ளிப் பற்று மட்டும் வைத்து, கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சட்டம் தரைக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்தபின் முழுப் பற்று வைக்கச் சொல்லுங்கள். குத்துக்கால் அடிச்சட்டத்தோடு சேரும் மூலைகளில் சிறு முக்கோணத் தகடுகள் வைத்தால், கருவியைச் சற்று வேகமாகத் தரையில் இறக்கினாலும் பற்று விடாது.

ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும்போது துத்தநாகப் பூச்சு எரிந்து வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரக்கூடும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில் வைத்துச் செய்யும்படி சொல்லுங்கள். பூச்சு போன இடங்களில் துத்தநாகம் கலந்த பெயின்ட் இரண்டு முறை அடிப்பதும், பைப்பின் இரு முனைகளையும் தகடு வைத்து மூடுவதும் கட்டாயம். திறந்த பைப்புக்குள் உப்பு ஈரம் நுழைந்தால் அது உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும், வெளியே தெரியாது.

வட்டு வெளியே நகராமலிருக்க, வளைந்த கம்பியால் ஆன ஸ்பிரிங் கிளிப்பை நம்பாதீர்கள். நடையின் அதிர்வில் அது தளரும். திருகி இறுக்கும் வளையம் (காலர்)தான் வேண்டும்.

கேள்வி: 24 கிலோ கெட்டில்பெல் ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. அதையே ஒரு கையில் தூக்கி நடந்தால் போதுமா, இன்னொன்று வாங்கத்தான் வேண்டுமா? (தொண்டி வாசகர்)

பதில்: ஒரு கையில் தூக்கி நடப்பதும் நல்ல பயிற்சிதான், ஆனால் அது பாதிப் பயிற்சி என்று எண்ணிவிடக் கூடாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கையில் 30 கிலோவைச் சுமந்தபோது கீழ்முதுகில் விழுந்த அழுத்தம், இரு கைகளிலும் தலா 30 கிலோ சுமந்தபோது விழுந்ததைவிட அதிகமாக இருந்தது. மொத்தச் சுமை இரு மடங்காகியும் முதுகுக்கு வேலை குறைந்ததற்குக் காரணம், இருபுறமும் சமமாக இழுக்கும்போது உடம்பு சாயாமல் இருப்பதற்காக விலாப்புறத் தசைகள் தனியாக இறுக வேண்டியதில்லை என்பதுதான். ஆகவே ஒற்றைக் கை நடைக்கு 24 கிலோ, தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதிகம். 12 அல்லது 16 கிலோவில் தொடங்கி, கைமாற்றி இருபுறமும் சமமான தூரம் நடந்து, கண்ணாடி முன் நின்றால் தோள்கள் ஒரே மட்டத்தில் தெரிகின்றன என்ற நிலை வந்தபின் 24-க்குப் போங்கள். இரு கை நடைக்கு, இன்னொரு கெட்டில்பெல்லுக்குப் பதிலாக, மறுகையில் 24 கிலோவுக்கு அளந்து நிரப்பிய கேனைப் பிடித்துக்கொள்ளலாம். நடைக்கு ஒருமுறை கை மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: எங்கள் தெருவில் குடிநீர் லாரி வரும் நாளில் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகப் பலமுறை நடக்கிறேன். இதுவே இந்தப் பயிற்சி ஆகிவிடாதா? தனியாகச் செய்ய வேண்டுமா? எனக்கு வயது 43. (தேவிபட்டினம் வாசகி)

பதில்: அக்கா, தண்ணீர் சுமக்கும் நாளில் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், அன்றைக்கு உங்கள் உடம்பு போதுமான வேலையைச் செய்துவிட்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இடுப்பில் குடம் வைக்கும்போது இடுப்பெலும்பை ஒரு பக்கமாகத் தள்ளி, அதன் மேல் சுமையைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறோம். பெரும்பாலும் எப்போதும் அதே பக்கம்தான். பயிற்சியில் செய்வது, சுமையை இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டு, அந்தச் சாய்வு இல்லாமல் நடப்பது. லாரி வராத நாள்களில் இரண்டு 10 லிட்டர் கேன்களை நிரப்பி, வாசலிலிருந்து தெருமுனைவரை மூன்று நான்கு முறை நிமிர்ந்து நடந்தால், குடம் சுமக்கும் நாளின் இடுப்புவலி குறைய அது துணை செய்யும். குடத்தின் கழுத்தைக் கையால் பிடித்துத் தொங்கவிட்டு இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். விளிம்பு விரலின் நுனிக்கணுக்களில் மட்டும் அழுத்தும், குடத்தின் வயிறும் தொடையில் இடித்து நடையைக் கோணலாக்கும். கர்ப்பப்பை இறக்கம், குடலிறக்கம் ஆகியவை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், அவருடைய அனுமதி இல்லாமல் எந்த எடையோடும் நடக்க வேண்டாம். பெண்கள் இதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள் என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கொத்தனார் வேலை பார்க்கிறேன். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி எடை செய்துகொள்ளலாமா? (சாயல்குடி வாசகர்)

பதில்: செய்யலாம். கான்கிரீட் லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ என்பதால் 10 லிட்டர் மட்டத்துக்கு ஊற்றினால் 24 கிலோ, முழு வாளி ஊற்றினால் 48 கிலோ. முழு வாளியில் தொடங்கிவிடாதீர்கள். வாளியோடு வரும் கம்பிப் பிடி இந்த எடைக்குத் தாங்காது. அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் காது திடீரென்று பிய்ந்துகொள்ளும். 12 மி.மீ. கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, இரு நுனிகளையும் உள்ளே கொக்கியாக மடக்கிக் கலவைக்குள் புதைத்து, மேலே தெரியும் குறுக்குப் பகுதியில் வளைப்பதற்கு முன்பே ஒரு அங்குல ஜி.ஐ. பைப் துண்டைக் கோத்துவிட்டால் கைப்பிடி ஆயிற்று. கடல்நீரையும் கடல்மணலையும் கலவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு உள்ளே போனால் கம்பி துருவேறிப் பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும், அது பிளப்பது நீங்கள் தூக்கியிருக்கும்போதாகக்கூட இருக்கலாம். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்து, 28 நாள் கழித்துத் தூக்குங்கள்.

கேள்வி: சிறிய உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். வாங்கிய ராடுகளும் டம்பெல்களும் ஒரே ஆண்டில் துருப்பிடித்துவிடுகின்றன. ஃபார்மர்ஸ் வாக் கைப்பிடி வாங்கினால் எந்தப் பூச்சில் வாங்குவது? (ராமேசுவரம் வாசகர்)

பதில்: உங்கள் ஊரின் காற்றுக்கு எது தாங்கும் என்பதற்குப் பாம்பன் பாலமே சான்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தை இத்தனை காலம் காப்பாற்றியது ஓயாத பராமரிப்புதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தில், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், இரும்புப் பகுதிகளுக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு செலவு நமக்குத் தேவையில்லை. ஆனால் பளபளக்கும் குரோம் முலாம் பூசிய கருவியை மட்டும் வாங்காதீர்கள். முலாமில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தால் போதும், அடியில் துரு பரவி, முலாம் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் உள்ளங்கையைக் கிழிக்கும். கருமைப் பூச்சும் உங்கள் ஊரில் நிற்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு, அதற்கு மேல் எபாக்சி பெயின்ட் என்பதே விலைக்கும் ஆயுளுக்கும் பொருந்தி வரும். துருப்பிடிக்காத எஃகில்தான் வேண்டுமென்றால் 304-ஐ விட 316 தரம் உப்பை நன்றாகத் தாங்கும். அதில் கலந்திருக்கும் மாலிப்டினம்தான் உப்பு குழிபறிப்பதைத் தடுக்கிறது. கைப்பிடிக்கு மட்டும் 316 பைப் வைத்து மற்றதைச் சாதாரண இரும்பில் செய்ய நினைத்தால், இணையும் இடத்தில் சாதாரண இரும்பு விரைவாக அரிபடும் என்பதால் அந்த இடத்தைப் பெயின்ட்டால் முழுவதும் மூடிவிடுங்கள்.

பராமரிப்பில் பெரும்பாலோர் செய்யும் தவறு, உப்பின் மேலேயே எண்ணெய் பூசுவது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை ஈர்த்துத் தானே கரையும். அப்போது இரும்பின் மேல் உப்புநீர்ப் படலம் ஒன்று படிந்தே இருக்கிறது, மேலே எண்ணெய் இருந்தும் பயனில்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் போக்கி, அதன் பிறகே எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவுங்கள். கைப்பிடியில் எண்ணெய் படக் கூடாது. சாக்கு போட்டு மூடி வைக்காதீர்கள். சாக்கு ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். திருகு மரை கொண்ட டம்பெல்களில் மரை அரித்திருந்தால் அவற்றைப் பயிற்சியிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். நட்டு கழன்று வட்டு காலில் விழுவது அப்படிப்பட்ட டம்பெல்லில்தான்.

கேள்வி: அரியமான் கடற்கரை எங்களுக்குப் பக்கம். மணலில் நடந்து செய்தால் பலன் கூடுமா? (உச்சிப்புளி வாசகர்)

பதில்: உழைப்பு கூடும். பெல்ஜியத்தில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறது. ஆகவே சாலையில் தூக்கும் எடையில் பாதியோடு தொடங்குங்கள். அலை வந்து போகும் ஈரமணல் கெட்டியாக இருக்கிறதே என்று அதில் நடந்தால், அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும். சென்ற வழியிலேயே திரும்பி வந்து சரிசெய்துகொள்ளுங்கள். பிடியின் வலிமைதான் நோக்கம் என்றால் கெட்டித் தரையே மேல்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். விரல்பிடி தளர்ந்துவிட்டது. இதைச் செய்யலாமா, செய்யலாம் என்றால் என்ன கருவி? (மண்டபம் வாசகர்)

பதில்: ஐயா, தளர்ந்த பிடியைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரியே. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், விரல்பிடி வலிமையில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. பிடி தளர்வதே காரணம் என்று அதற்குப் பொருளல்ல. உடம்பின் மொத்த வலிமைக்குப் பிடி ஓர் அடையாளமாக இருக்கிறது. ஆனால் இறுக்கிப் பிடித்துச் சுமக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். ஆகவே உங்கள் மருத்துவரிடம் இந்தப் பயிற்சியை விவரித்து ஒப்புதல் பெற்றபின் தொடங்குங்கள். துணிக்கடையில் தரும் கட்டைப்பை இரண்டில் தலா 3 கிலோ அரிசியைப் போட்டு, வாய்விட்டு அடிகளை எண்ணிக்கொண்டே நடப்பது போதும். எண்ண முடிகிறவரை மூச்சு அடைபடவில்லை என்று பொருள். மேசையின் மேலிருந்து எடுத்து மேசையின் மேலேயே வையுங்கள். அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். தலைசுற்றலோ நெஞ்சில் அழுத்தமோ தோன்றினால் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கை வியர்த்து வழுக்குகிறது. கையுறை போடலாமா? சுண்ணாம்பு தடவலாம் என்கிறார்கள். (பெரியபட்டினம் வாசகர்)

பதில்: வெற்றிலைச் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ ஒருபோதும் தடவாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து தோலை எரித்துப் புண்ணாக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் ‘சாக்’ என்று சொல்வது மக்னீசியம் கார்பனேட்; விளையாட்டுப் பொருள் கடையில் கட்டியாகக் கிடைக்கும். கையுறை கைப்பிடியைத் தடிமனாக்குவதால் பிடி மேலும் தளரும். மணிக்கட்டில் மாட்டும் ஸ்ட்ராப், விரலின் வேலையை வாங்கிக்கொள்வதால் இந்தப் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நடைக்கு நடை கையை உலர்ந்த துண்டால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் வாசலில் இளவட்டக்கல் கிடக்கிறது. அதைத் தூக்கி நடக்கலாமா? (வாலிநோக்கம் வாசகர்)

பதில்: பெரியவர்களின் அனுமதியோடு, அதைத் தூக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். அது நெஞ்சோடு அணைத்துத் தோளுக்கு ஏற்றும் கலை. கைப்பிடி இல்லாத அந்தக் கல் ஃபார்மர்ஸ் வாக்குக்குப் பதிலாகாது.

கேள்வி: வீட்டில் இரண்டு சமையல் எரிவாயு சிலிண்டர்கள் இருக்கின்றன. பிடிப்பதற்கு வளையமும் இருக்கிறது. அதையே பயன்படுத்தினால் என்ன? (பாம்பன் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. நிரம்பிய சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, உருளையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. எடை பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பிடி நழுவி விழுந்தால் வால்வு சேதமாகிக் கசியக்கூடும். காலி சிலிண்டரிலும் சிறிது வாயு எஞ்சியிருக்கும். அதே எடைக்கு 30 லிட்டர் கடல்நீர் ஊற்றிய கேனை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்டு வைக்கும் முறையைத் தங்கச்சிமடம் வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.